கி.மு. 580 என்று காதில் விழும்போது: தொல்லியல் ஆய்வு பாட்காஸ்டாக மாறும் வழி

கீழடி பற்றி 2025இல் கிளம்பிய தகராறு பலரைக் குழப்பிவிட்டது. முதல் இரண்டு கட்ட அகழாய்வுகளை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணா, 982 பக்க அறிக்கையை 2023 ஜனவரியில் இந்தியத் தொல்லியல் துறையிடம் கொடுத்தார். 2025 மே மாதம், திருத்தித் தாருங்கள் என்று துறை அதைத் திருப்பியது. பெரிய இடறல் காலக்கணிப்பு. கீழடியின் ஆகப் பழைய காலகட்டம் கி.மு. 8ஆம் நூற்றாண்டிலிருந்து தொடங்குகிறது என்று அறிக்கை சொல்ல, அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது துறை. கரிமக் காலக்கணிப்பையும் மண்ணடுக்கையும் வைத்துத்தான் சொல்கிறேன் என்று அவர் தன் முடிவில் நின்றார்.

அப்புறம் பாட்காஸ்ட்களிலும் யூட்யூப் உரையாடல்களிலும் இதே பேச்சாகத்தான் இருந்தது. மணிக்கணக்கில் கேட்டவர்களுக்கும் கடைசியில் மிஞ்சியது "யாரை நம்புவது?" என்ற கேள்விதான். அந்தக் கேள்வி எழுவதே ஏதோ சரியாகச் சொல்லப்படவில்லை என்பதற்கு அடையாளம். வரலாற்று ஆய்வைப் பொதுமக்களிடம் கொண்டுபோகிறவர்கள் முடிவை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தால், கேட்பவர் ஆளைப் பார்த்தோ கட்சியைப் பார்த்தோதான் நம்ப வேண்டியிருக்கும். முடிவுக்கு வந்த வழியையும் சேர்த்துச் சொன்னால் அவரே எடைபோட்டுப் பார்க்கலாம். வழியைச் சொல்வதற்கு ஒலி நல்ல ஊடகம். தமிழில் அதை நாம் இன்னும் சரியாகப் பயன்படுத்தவில்லை.

அடிப்படையிலிருந்தே தொடங்குவோம்.

ஆய்வு எது, பாட்காஸ்ட் எது

ஒரு ஆய்வாளர் தன் கண்டுபிடிப்பைக் கட்டுரையாக எழுதி ஆய்விதழுக்கு அனுப்புகிறார். அதே துறையைச் சேர்ந்த இரண்டு மூன்று பேர் படித்து, இந்த ஆதாரம் போதாது, இந்தச் சான்றை ஏன் விட்டீர்கள் என்று கேட்பார்கள். இதைச் சக ஆய்வாளர் மதிப்பீடு என்கிறோம். இதைத் தாண்டி வந்துவிட்டால் சொன்னது உண்மை என்று ஆகிவிடாது. விவரம் தெரிந்தவர்கள் ஒருமுறை குடைந்து பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அகழாய்வு அறிக்கை இதிலிருந்து கொஞ்சம் வேறுபட்டது. அது ஒரு நிறுவனம் வெளியிடும் பதிவேடு. எந்தக் குழியில், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் என்ன கிடைத்தது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும், ஏனென்றால் தோண்டிய இடத்தை மறுபடி தோண்டிச் சரிபார்க்க யாராலும் முடியாது.

பாட்காஸ்ட் என்பது, தொழில்நுட்பமாகச் சொன்னால், எங்கோ ஒரு சர்வரில் கிடக்கும் ஒலி ஃபைல்களின் பட்டியல். உங்கள் ஆப் அந்தப் பட்டியலை அவ்வப்போது எட்டிப் பார்த்து, புதிதாக ஏதும் சேர்ந்திருந்தால் இறக்கிக்கொள்ளும். இதில் ஆசிரியர் குழுவும் இல்லை, மதிப்பீடும் இல்லை. மைக் வைத்திருக்கும் யாரும் வெளியிடலாம். அதனால்தான் ஆய்வு உலகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது கதவைத் திறந்துவிட்டது, அதனால்தான் சரக்கும் பதரும் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. தமிழில் பாட்காஸ்ட் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி யூட்யூப் காணொளிதான் என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. தலைப்பையும் முகப்புப் படத்தையும் பெரும்பாலும் ஆய்வாளர் வைப்பதில்லை, சேனல்காரர்தான் வைக்கிறார்.

ஒரு தேதி எப்படி உருவாகிறது

கீழடி என்றதும் எல்லோர் வாயிலும் வரும் எண் கி.மு. 580. தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறை 2019 செப்டம்பரில் வெளியிட்ட நான்காம் கட்ட அகழாய்வு அறிக்கையிலிருந்து வந்தது அது. இந்த ஓர் எண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

1. குழியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு கரித்துண்டு எடுக்கப்பட்டது. 200 சென்டிமீட்டர் ஆழத்தில் இன்னொன்று. இப்படி ஆறு மாதிரிகள் அமெரிக்காவின் மயாமியில் உள்ள பீட்டா அனலிடிக் ஆய்வகத்துக்குப் போயின. 353 சென்டிமீட்டர் மாதிரிக்குக் கி.மு. 580 என்றும், 200 சென்டிமீட்டர் மாதிரிக்குக் கி.மு. 205 என்றும் முடிவு வந்தது. அந்த அடுக்குகளுக்கு மேலேயும் கீழேயும் மண்படிவு கணிசமாக இருந்ததால், கி.மு. 6ஆம் நூற்றாண்டு முதல் கி.பி. 1ஆம் நூற்றாண்டு வரை என்று காலம் வகுக்கப்பட்டது.

2. ஆய்வகம் அளப்பது கரிமம்-14 என்ற அணுவை. உயிரோடு இருக்கும்வரை மரமும் மாடும் மனிதரும் அதைக் காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் பெற்றுக்கொண்டே இருப்பார்கள். செத்தபின் புதிதாக வராது, இருப்பது சிதையும், ஏறக்குறைய 5730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். ஏ.எம்.எஸ். என்ற முறையில் மிகச் சிறிய கரித்துண்டே போதும்.

3. இப்படி வரும் எண்ணை நேராக நாட்காட்டி ஆண்டாக எடுத்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் காற்றில் இருக்கும் கரிமம்-14இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. வயது தெரிந்த மரங்களின் வளையங்களை ஆண்டுவாரியாக அளந்து ஒரு திருத்த வரைகோடு செய்து வைத்திருக்கிறார்கள். ஆய்வக எண்ணை அதன்மேல் பொருத்தித்தான் நாட்காட்டி ஆண்டு கிடைக்கிறது.

4. கீழடிக்குச் சிக்கல் இங்கேதான். அந்த வரைகோடு கி.மு. 800 முதல் 400 வரை கிட்டத்தட்டத் தட்டையாகக் கிடக்கிறது. ஹால்ஸ்டாட் சமவெளி என்று இதற்குப் பெயர். சமவெளியில் எங்கே நின்றாலும் உயரம் ஒன்றுதான் இல்லையா, அதுபோல இந்த நானூறு ஆண்டுகளில் எப்போது செத்த மரமானாலும் ஆய்வகத்தில் ஏறத்தாழ ஒரே எண்ணைத்தான் தரும். உதாரணத்துக்கு, 2450 கரிம ஆண்டுகள் என்று ஆய்வகம் சொன்னால், திருத்தியபின் அது கி.மு. 750க்கும் 410க்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் விழலாம். கி.மு. 580 இந்தச் சமவெளியின் நடுவில் இருக்கிறது. ஆகவே அதை ஓர் ஆண்டாக நினைக்காமல், ஒரு நீண்ட வீச்சுக்குள் வைத்த புள்ளியாகத்தான் கேட்க வேண்டும். கீழடிக்கு மட்டும் வந்த குறை இல்லை இது, உலகம் முழுக்க இந்தக் காலத்தைத் தோண்டுகிற எல்லோருக்கும் இதே தொல்லைதான்.

5. தேதி கரித்துண்டுக்கு உரியது. பக்கத்தில் கிடைத்த பானை ஓட்டுக்கு அதை நீட்டுவது ஆய்வாளரின் முடிவு. பொதுவாகக் கீழே கிடப்பது பழையது, மேலே கிடப்பது புதியது. ஆனால் கீழடியில் உறைகிணறுகள் உண்டு. கிணறோ குழியோ வெட்டியவர்கள் பழைய அடுக்கைக் கிழித்துக்கொண்டு போகிறார்கள், பிற்காலத்துப் பொருள் கீழே விழுகிறது, பழைய மண் மேலே வருகிறது. குழியின் சுவரில் அந்தக் கிழிசலைக் கண்டுபிடித்துப் பிரித்துப் பார்ப்பதில்தான் தொல்லியலாளரின் கை தெரியும்.

இப்போது தகராறின் சூடு புரியும். கீழடியின் நான்காம் கட்டத்தில் எழுத்துப் பொறித்த 56 பானை ஓடுகள் கிடைத்தன. குவிரன், ஆதன் என்று பெயர்களை வாசித்திருக்கிறார்கள். அந்த ஓடுகளுக்கும் கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்றால் தமிழ் எழுத்து அசோகரின் கல்வெட்டுகளைவிட மூன்று நூற்றாண்டு மூத்ததாகிறது. குகைக் கல்வெட்டுகளை வாழ்நாள் முழுக்கப் படித்த ஐராவதம் மகாதேவன், 2003இல் தன் பெரிய தொகுப்பில், தமிழ் பிராமி என்ற அந்தப் பழந்தமிழ் எழுத்தில் உள்ள கல்வெட்டுகளின் தொடக்கத்தைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வைத்தார். பழனிக்கு அருகே பொருந்தலில் தோண்டிய கா. ராஜன், எழுத்துப் பொறித்த பானைத் தாங்கியோடு ஒரே ஈமக்குழியில் கிடைத்த நெல்லை வைத்துக் கி.மு. 490 என்றார். ஒருவர் எழுத்தின் வடிவத்தை வைத்துப் பேசுகிறார், இன்னொருவர் நெல்லின் வயதை வைத்துப் பேசுகிறார். இருவருமே ஆய்வாளர்கள், சான்றுகள் வேறு. "தமிழன் பெருமையா, சதியா" என்ற இரண்டே பெட்டிக்குள் இதை அடைத்தால் நட்டம் கேட்பவருக்குத்தான்.

காதுக்கு வரும் வழியில் எது உதிர்கிறது

நிதானமாகப் பேசினால் அரை மணி நேரத்துக்கு மூவாயிரம் சொற்கள் வரலாம். அதற்குள் ஒரு நீளமான ஆய்வுக் கட்டுரையே அடங்காது, 982 பக்கம் எங்கே அடங்கும்? எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். எதை விடுகிறோம் என்பதுதான் கேள்வி. வழக்கமாக முதலில் போவது வீச்சு, "கி.மு. 750க்கும் 410க்கும் இடையே" என்பதைவிட "கி.மு. 580" நாக்குக்கு எளிது. அடுத்து "இருக்கலாம்" "இருக்கிறது" ஆகிவிடும். மூன்றாவதாக, மறுத்துப் பேசியவரின் பெயர் காணாமல் போகும். அதன்பின் நிபந்தனைகள்.

நிபந்தனை போனால் என்ன ஆகும் என்பதற்கு உத்தரமேரூரைவிட நல்ல உதாரணம் இல்லை. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் வெட்டிய இரண்டு கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. "ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தமிழ்நாட்டில் ஜனநாயகம்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிற பேச்சுகளை எத்தனையோ முறை கேட்டிருப்போம். கல்வெட்டு என்ன சொல்கிறது? ஊர் முப்பது குடும்புகளாக, அதாவது வார்டுகளாக, பிரிக்கப்பட்டது. ஓலையில் பெயர் எழுதப்பட, கால் வேலிக்கு (வேலி என்பது அக்கால நில அளவு) மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். நிலம் குறைவானவருக்கு, கல்வி கூடுதலாக இருந்தால் சலுகை உண்டு. இது பிராமணர்களுக்கு விடப்பட்ட சதுர்வேதிமங்கலத்தின் சபை, ஊரின் உழவரும் கைவினைஞரும் பெண்களும் இதில் இல்லை. சபையின் குழுவான வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் பெயரையும், அவருடைய உறவினர் பெயரையும்கூடக் குடத்தில் போடக் கூடாது என்ற விதியும் அதே கல்வெட்டில் இருக்கிறது. இந்த ஒரு விதியைப் பற்றி மட்டுமே ஒரு முழு எபிசோட் பேசலாம், அவ்வளவு சுவையான விஷயம். நிபந்தனைகளோடு சொன்னால் உத்தரமேரூரின் மதிப்பு குறைந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் அந்தக் கல்வெட்டைப் பொறுமையாகப் படித்ததில்லை என்றுதான் சொல்வேன்.

ஒலியால் என்ன முடியும்

படம் இல்லாமல் தொல்லியலா என்று கேட்பார்கள். மண்ணடுக்கைக் காட்ட முடியாதுதான், எழுத்தையும் காட்ட முடியாது. ஆனால் சொல்ல முடியும். பழந்தமிழ் எழுத்தில் 'க' என்பது ஒரு கூட்டல் குறி. இதைக் காதால் கேட்ட யாரும் மறக்க மாட்டார்கள், அடுத்த முறை அருங்காட்சியகத்தில் ஓட்டைப் பார்க்கும்போது கண் தானாக அந்தக் குறியைத் தேடும்.

எழுத்துக்கு இல்லாத வசதிகள் ஒலிக்கு இரண்டு உண்டு. ஒன்று, தயக்கம் காதில் கேட்கும். "அநேகமாக" என்று அச்சில் இருந்தால் கண் தாண்டிப் போய்விடுகிறது. அதையே ஒரு ஆய்வாளர் கொஞ்சம் நிறுத்தி, யோசித்து, "அந்த அடுக்கைப் பற்றி எனக்கு இன்னும் முழுத் தெளிவு இல்லை" என்று சொன்னால் கேட்பவர் மனதில் பதிகிறது. இன்னொன்று நேரம். தொலைக்காட்சி விவாதத்தில் நாற்பது நொடியில் மடக்கிவிடுவார்கள், இங்கே ஹால்ஸ்டாட் சமவெளிக்கே பத்து நிமிடம் ஒதுக்கலாம். பஸ்ஸிலோ சமையலறையிலோ ஹெட்ஃபோனோடு இருப்பவர் எங்கும் ஓடிப்போகப் போவதில்லை.

மூன்று வடிவங்கள்

1. தனி ஆள் கதை சொல்வது. அமெரிக்கரான மைக் டங்கன் ரோம வரலாற்றை 2007 முதல் 2012 வரை 179 எபிசோட்களில் சொன்னார். அவர் பேராசிரியர் அல்ல. கோர்வையாகக் கேட்க இது சுகம். ஆனால் குரல் ஒன்றே என்பதால் மாற்றுக் கருத்து தானாக வராது, சொல்பவர் மெனக்கெட்டுக் கொண்டுவர வேண்டும்.

2. ஆய்வாளரே எழுதிப் பேசுவது. தத்துவப் பேராசிரியர் பீட்டர் ஆடம்சன் 2010 முதல் தத்துவ வரலாற்றை இடைவெளி விடாமல் இப்படிச் செய்துவருகிறார். இந்தியத் தத்துவப் பகுதிக்கு ஜொனார்டன் கனேரியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். தனக்குத் தெரியாத இடத்தில் தெரிந்தவரைச் சேர்த்துக்கொண்டது எல்லோரும் பின்பற்ற வேண்டிய பண்பு.

3. பல ஆய்வாளர்கள், ஒரு தொகுப்பாளர். பிபிசி வானொலியில் 1998இல் தொடங்கிய 'இன் அவர் டைம்' இந்த வகை. மெல்வின் பிராக் 2025 வரை அதை நடத்தினார். ஒரு தலைப்பு, பெரும்பாலும் மூன்று ஆய்வாளர்கள், அவ்வளவுதான். ஒருவர் சொன்னதை இன்னொருவர் அங்கேயே மறுப்பார், கேட்பவருக்கு அந்தத் துறையில் எங்கே உடன்பாடு, எங்கே சண்டை என்று தெரிந்துவிடும்.

கீழடி மாதிரி விஷயத்துக்கு என் ஓட்டு மூன்றாவதுக்கே. எழுத்தைப் படிப்பவர், மண்ணைப் படிப்பவர், கரிமக் கணக்குத் தெரிந்தவர் என்று மூன்று பேரை உட்காரவைத்தால் போதும். தொகுப்பாளர் மட்டும் அறிக்கையைப் படித்துவிட்டு வர வேண்டும். "சார், நம்ம பெருமையைப் பத்தி மக்களுக்குச் சொல்லுங்க" என்று தொடங்குகிற நேர்காணலில் எவ்வளவு நல்ல ஆய்வாளரும் மேடைப் பேச்சுக்குத்தான் நழுவுவார்.

ஆய்வாளர்கள் ஏன் தயங்குகிறார்கள்

பிரிட்டனில் பல்கலைக்கழக ஆய்வை மதிப்பிட்டு அரசு நிதி பிரிக்கும் முறையில், ஆய்வு வெளியுலகில் ஏற்படுத்திய தாக்கத்துக்கு 2014இல் 20 சதவீதமும் 2021இல் 25 சதவீதமும் எடை கொடுத்தார்கள். பொதுமக்களிடம் பேசுவதற்குப் பல்கலைக்கழகமே ஊக்கம் தருகிறது என்றால் காரணம் இதுதான். இங்கே பதவி உயர்வுக் கணக்கில் ஆய்விதழ்க் கட்டுரைக்கு இருக்கும் எடை இதற்கு இல்லை. இதற்கு மேல், அகழாய்வு செய்பவர்களில் பலர் அரசு ஊழியர்கள். அறிக்கை வெளிவருமுன் வாய் திறப்பது அவர்களுக்கு எளிதல்ல. அறிக்கையோ ஆண்டுக்கணக்கில் வராமல் கிடக்கிறது. அந்த இடைவெளியில், எதையும் தோண்டாதவர்களின் பேச்சு நிரம்பிவிடுகிறது. இது யார் தப்பு என்பதைவிட, அறிக்கை தாமதமாவதன் நேரடி விளைவு இது என்பதைக் கவனிக்க வேண்டும்.

சொன்னது தவறாகிவிட்டால்

ஆய்விதழில் பிழைதிருத்தம் போட இடம் உண்டு. பாட்காஸ்டில் ஃபைலை மாற்றிவிடலாம், ஆனால் ஏற்கெனவே இறக்கிக்கொண்டவரின் போனில் பழையதுதான் இருக்கும். அதனால் அடுத்த எபிசோடின் தொடக்கத்தில், "போன முறை இப்படிச் சொன்னோம், அது தவறு, காரணம் இது" என்று வாயால் சொல்வதுதான் உருப்படியான திருத்தம். எந்த அறிக்கையின் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தோம் என்பதை எபிசோடின் குறிப்பில் எழுதிவைப்பதும் கூடவே நடக்க வேண்டும். கேட்பவர் மூலத்தைத் தேடிப் போவது நம் ஊரில் இன்னும் கடினம் என்பதை மறந்துவிடக் கூடாது. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள், அதாவது கல்லின்மேல் காகிதம் ஒற்றி எடுத்த மைப் பிரதிகள், பல பத்தாண்டுகள் மைசூரில் இருந்தன. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொல்லி 2021இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது.

சிவகளைக்குப் பொருத்திப் பார்த்தால்

2025 ஜனவரி 23 அன்று தமிழ்நாட்டு முதல்வர் 'இரும்பின் தொன்மை' அறிக்கையை வெளியிட்டார். எழுதியவர்கள் கா. ராஜனும் இரா. சிவானந்தமும். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இரும்போடு கிடைத்த கரி மாதிரிகளில் ஒன்றின் காலம் கி.மு. 3345 என்கிறது அது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையிலிருந்து 2022இல் அறிவிக்கப்பட்ட தேதி கி.மு. 2172. மூன்று ஆண்டுக்குள் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பின்னால் போயிருக்கிறோம். பாட்காஸ்டில் இதைப் பேச உட்காருகிறவர்கள் கேட்க வேண்டியவை:

1. தேதி கணிக்கப்பட்டது இரும்பா, அதனோடு கிடந்த கரியா? கரி என்றால், அது இரும்போடு ஒரே நேரத்தில் அங்கே போனது என்பதற்கு என்ன சான்று?

2. எரிந்தது எவ்வளவு வயதான மரம்? முந்நூறு வயது மரத்தின் நடுத்தண்டை எரித்தால், கரிமக் கணக்கு எரித்த ஆண்டைச் சொல்லாது, அந்தத் தண்டு வளர்ந்த ஆண்டைத்தான் சொல்லும். நெல்மணி ஒரு பருவத்துப் பயிர் என்பதால் அதற்கு இந்தச் சிக்கல் இல்லை. அதே சிவகளையில் முதுமக்கள் தாழி ஒன்றிலிருந்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று 2021இல் வந்த தேதியோடு, இந்தக் கரித் தேதிகள் எப்படிப் பொருந்துகின்றன?

3. எத்தனை ஆய்வகங்கள்? இதற்கு அறிக்கையில் பதில் உண்டு: மயாமியின் பீட்டா அனலிடிக், லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனம், அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகம். கரிக்கு ஏ.எம்.எஸ்., பானை ஓட்டுக்கு ஓ.எஸ்.எல். என்று இரண்டு முறைகளில் பார்த்திருக்கிறார்கள். ஓ.எஸ்.எல். என்பது மண்ணிலிருக்கும் குவார்ட்ஸ் மணிகள் கடைசியாக வெயிலையோ சூளையின் சூட்டையோ கண்டு எவ்வளவு காலமாயிற்று என்று ஒளியைக் கொண்டு அளக்கும் முறை. இரண்டு முறைகளும் ஒரே தாழியில் ஒத்துப்போகிறதா என்று கேட்கலாம்.

4. இரும்பை உருக்கிய உலை, கசடு, ஊதுகுழல் இதே காலத்து அடுக்கில் கிடைத்திருக்கிறதா? பொருள் மட்டும் கிடைப்பது வேறு, அங்கேயே உருக்கினார்கள் என்பது வேறு.

இந்த நான்கையும் ராஜனிடமே கேட்கலாம், கூடவே இதை ஏற்காத ஒரு தொல்லியலாளரையும் உட்காரவைத்து. ஒன்றரை மணி நேரம் ஆகும். வெட்டாமல் வெளியிட வேண்டும்.